சம்பளத்துக்கு ஆடிய துரை

லயனல் வெண்டோவரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தார். கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவரை எங்கள் கவுண்டி அணியில், அதாவது மாவட்ட அணியில், சேர்த்துக்கொண்டார்கள். தனக்கு வந்த முதல் பந்தையே பந்து போட்டவரின் தலைக்கு மேலே தூக்கி அடித்தார். அது வேலியைத் தாண்டிப் போய் விழுந்ததில் பால்வண்டிக் குதிரை ஒன்று மிரண்டு, தெருக்கோடிவரை பாலைச் சிந்திக்கொண்டே ஓடியது. ஆட்டம் முடிந்ததும் அவரே போய்ப் பால்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். அடித்ததற்கு அல்ல, குதிரை பயந்ததற்கு.

நான் அந்த அணியின் விக்கெட் கீப்பர். பெயர் வால்ட்டர் பிளாக்கெட். கோடையில் ஆட்டம், குளிர்காலத்தில் மாமனாரின் கறிக்கடை. எங்களைப் போலச் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் பெவிலியனின் பின்பக்கம், புல் உருட்டும் இயந்திரம் நிற்கிற கொட்டகையை ஒட்டிய அறையில் உடை மாற்றுவோம். அங்கே ஒரு குழாய் உண்டு, தண்ணீர் ஜூலையிலும் குளிரும். காசு வாங்காமல் ஆடுகிற அமெச்சூர் துரைமார்களுக்கு மாடியில் அறை, வெந்நீர்த் தொட்டி. அவர்களை நாங்கள் சார் என்போம், மிஸ்டர் என்போம். அவர்கள் எங்களை வெறும் குடும்பப் பெயரால் கூப்பிடுவார்கள். சேர்ந்து மட்டை பிடிக்கப் போகிற இரண்டு பேரில் ஒருவர் துரை, மற்றவர் சம்பளக்காரர் என்றால் ஆளுக்கொரு வாசல் வழியாக இறங்கி, புல்தரை நடுவில்தான் சந்தித்துக்கொள்வார்கள். அதில் விசித்திரம் எதுவும் இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

வெண்டோவர் துரை எட்டு சீசன் அப்படி ஆடினார். நல்ல மட்டையாளர், முன்கோபி. யாராவது 'அதைச் செய்யாதே' என்று சொல்லிவிட்டால் போதும், அதைச் செய்து முடிக்கும்வரை தூங்கமாட்டார். எங்களைப் பெயர் சொல்லி அதட்டுவார், கேட்ச் பிடித்தால் ஓடி வந்து முதுகில் தட்டுவார். கெட்டவர் இல்லை, மற்ற துரைமார்களைவிட ரொம்ப நல்லவர் என்றும் சொல்ல முடியாது.

அப்புறம் அவருடைய அப்பாவின் கப்பல் கம்பெனி மூழ்கியது. அந்த வருஷங்களில் எத்தனையோ கம்பெனிகள் மூழ்கின. அப்பா அதே குளிர்காலத்தில் செத்துப்போனார். வீடு போயிற்று, குதிரைகள் போயின, அவருடைய சிவப்புக் காரும் போயிற்று. வசந்தம் வந்ததும் அவர் கமிட்டியிடம் போய், வேலை தேடப் போவதால் இனி ஆட முடியாது என்று சொன்னார். அங்கே ஷெர்ரி மது ஊற்றிக்கொண்டிருந்த பணியாள் பெர்ட், நடந்தது முழுவதையும் அன்று மாலையே எங்களிடம் வந்து ஒப்பித்தான்.

கமிட்டித் தலைவர் கர்னல் பெல்லமி சிரித்தாராம். "இதுக்காடா மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே, லயனல்? உதவிச் செயலாளர்னு ஒரு பதவி போட்டுடறோம். எப்பவாவது வந்து அந்த நாற்காலில உட்கார்ந்துட்டுப் போ. உனக்கு ஒரு குறையும் வராது."

"வேலை என்ன சார்?"

"அதான் சொன்னேனே, வேலைன்னு ஒண்ணும் கிடையாது."

"அப்போ காசு எதுக்கு?"

கர்னல் இருமினாராம். "நீ ஆடறதுக்குத்தான். இதெல்லாமா வாய்விட்டுச் சொல்லணும்?"

"ஆடறதுக்குக் காசு வாங்கறவனைச் சம்பளக்காரன்னுதானே சொல்றோம்? கீழ் ரூம்ல ரட்டரும் பிளாக்கெட்டும் அதுதானே பண்றாங்க? நானும் அவங்க மாதிரியே கையெழுத்துப் போடறேன். என் பேருக்கு முன்னாடி இருக்கிற மிஸ்டரை எடுத்துடுங்க. பொய்யா ஒரு நாற்காலி மட்டும் எனக்கு வேண்டாம்."

கமிட்டியில் ஒருவர், "உங்க அம்மா இதை எப்படித் தாங்குவாங்க?" என்று கேட்டாராம். "வாடகை கொடுக்க முடிஞ்சா தாங்குவாங்க" என்றாராம் வெண்டோவர்.

பட்டினி இரண்டு மாதத்தில் புத்தி சொல்லும் என்று நினைத்து ஒரு சீசனுக்குச் சம்மதித்தார்கள். ஆனால் சும்மா சம்மதிக்கவில்லை. சம்பளக்காரர்களுக்கு இத்தனை இடம்தான் என்று சொல்லி, எங்கள் இடதுகைச் சுழற்பந்துக்காரர் ஜிம் பாஸ்கோவை வீட்டுக்கு அனுப்பினார்கள். "துரை உன் இடத்தைக் கேட்டார்" என்று கர்னல் அவரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டோம்.

சீசனின் முதல் நாள் காலை, எங்கள் அறைக் கதவைத் திறந்துகொண்டு வெண்டோவர் பையோடு உள்ளே வந்தார். எங்களுக்கெல்லாம் மூத்தவரான வேகப்பந்துக்காரர் ரட்டர், பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டே தலையைத் தூக்காமல் பேசினார்.

"வழி தவறிட்டீங்க சார். மாடிப்படி அந்தப் பக்கம்."

"இல்ல ரட்டர், இங்கதான். நீங்க சொல்லுங்க, என் சட்டையை எதுல மாட்டலாம்?"

"என்ன சார் திடீர்னு 'நீங்க'? போன வருஷம்வரைக்கும் 'நீ'தானே?"

"நீங்க இங்க சீனியர். நான் இன்னைக்குச் சேர்ந்தவன்."

"மரியாதை பலமாத்தான் இருக்கு." ரட்டர் எழுந்து நின்றார். ஆறடிக்கு மேல் உயரம், அந்த அறைக்கூரையை இடிக்கிற ஆள். "ஒரு ஆணிதான் காலி. அது பாஸ்கோவோடது. அவன் இடத்தைத்தானே கேட்டு வாங்கினீங்க, ஆணியை மட்டும் எதுக்கு எங்கிட்ட கேக்கறீங்க?"

வெண்டோவருக்கு விஷயமே தெரியாது என்பது அவர் முகத்தைப் பார்த்த எனக்குப் புரிந்தது. ரட்டருக்கும் புரிந்திருக்கும், ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை. பாஸ்கோவுக்கு நாலு குழந்தைகள் என்பதையும், நகராட்சியில் குழி வெட்டுகிற வேலை கேட்டு அலைவதையும் விளக்கமாகச் சொன்னார். வெண்டோவர் பையைத் தரையில் வைத்துவிட்டு, அடியில் ஆணி வைத்த ஆட்ட பூட்ஸோடு கடகடவென்று மாடி ஏறினார். ஆணி பூட்ஸோடு அந்தப் படியில் யாரும் ஏறக்கூடாது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"நான் உதவிச் செயலாளர் ஆனா பாஸ்கோவைத் திரும்ப எடுத்துக்குவாங்களாம். கர்னல் சொல்றார்."

"அப்புறம் என்ன சார்?" என்றார் ரட்டர். "போய் உட்காருங்க. பாஸ்கோ வீட்டுல அடுப்பு எரியும்."

"உட்காரலாம். ஆனா என்னை மாடிக்கு ஏத்தறதுக்காக ஒருத்தர் சோத்துல கை வெச்சவங்க, அடுத்த தடவை உங்க சோத்துல வைக்கமாட்டாங்களா?"

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. இதைப் பாஸ்கோ பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார் வெண்டோவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. வழி காட்ட என்னை அனுப்பினார்கள். பாஸ்கோ வீட்டுக்குப் பின்னால் உருளைக்கிழங்குப் பாத்தி கொத்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஏடா கதவிலேயே நின்று எங்களை மறித்தாள். கையில் சோப்பு நுரை.

"துரைக்குத் தன்மானம் வேணும்னா வெச்சுக்கட்டும்" என்றாள், அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து. "எங்க வீட்டுல அதை வேகவெச்சுத் திங்க முடியாது, வால்ட். நாலு வாய் இருக்கு."

வெண்டோவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பாத்தி ஓரமாகப் போய் நின்றார். "பாஸ்கோ, இது என்னால வந்தது. எனக்குத் தெரியாது, ஆனா என்னாலதான். நான் அந்த நாற்காலில உட்கார்ந்தா உங்க வேலை திரும்பி வரும். உட்காருன்னு சொன்னீங்கன்னா இப்பவே போறேன்."

பாஸ்கோ மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். அவசரப்படாத மனிதர், பந்துகூட அப்படித்தான் போடுவார்.

"என் பந்து திரும்பலன்னா என்னை வேண்டாம்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கு சார். ஆனா உங்க கழுத்துல கட்டி இழுக்கறதுக்கு நான் என்ன கயிறா? வேண்டாம். உட்காராதீங்க."

"யாரைக் கேட்டு வேண்டாம்னு சொல்ற?" என்றாள் ஏடா வாசலிலிருந்து.

"உன்னைக் கேக்காமத்தான்."

அவள் எங்கள் இருவரையும் கேட்டுக்கு வெளியே தள்ளாத குறையாக அனுப்பினாள். "ரெண்டு ஆம்பளைங்க ரோஷத்துக்கு நடுவுல நானும் என் பிள்ளைங்களும் நிக்கறோம். வேற ஒரு வழியோட வந்தா வாங்க. இல்லாட்டி இந்தப் பக்கம் வராதீங்க" என்று வெண்டோவரிடம் முதல்முறையாக நேராகப் பேசினாள்.

அடுத்த சில ஆட்டங்களில் வெண்டோவர் பையைத் தரையில்தான் வைத்தார். அந்த ஆணியில் எதையும் மாட்டவில்லை. நாங்களும் அவரோடு தேவைக்கு மேல் பேசவில்லை. மதியத்தில் பன்றிக்கறி அடைத்த அப்பமும் சீஸும் எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் தனியாகப் போய் உட்காருவார். மாடியிலிருந்து அவருடைய பழைய நண்பர்கள் ஜன்னல் வழியாகக் கூப்பிடுவார்கள், "லயனல், வாடா, சால்மன் மீன் இருக்கு." அவர் கையை ஆட்டிவிட்டு அப்பத்தைக் கடிப்பார்.

ஜூன் மாதத்தில் வடக்கிலிருந்து ஹெல்லிவெல் என்று ஒருவர் வந்தார். பருத்தி ஆலை ஊர்க்காரர். அங்கே சனிக்கிழமை லீக் ஆட்டத்துக்கு ஊரே திரளும், ஒவ்வொரு கிளப்பும் ஒரே ஒரு சம்பளக்காரரை வைத்து நன்றாகவே கொடுக்கும். துரை ஒருவர் சம்பளத்துக்கு இறங்கிவிட்டார் என்ற சேதி அங்கேவரை போயிருந்தது. அவர்களுடைய ஆள் காலை ஒடித்துக்கொண்டதால் இவரைக் கேட்க வந்திருந்தார்.

"நான் வரமாட்டேன்" என்றார் வெண்டோவர். "நான் போனா இங்க ஒருத்தர் ரொம்ப சந்தோஷப்படுவார். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்கறதா இல்ல. ஆனா இடதுகைச் சுழற்பந்துக்காரர் ஒருத்தர் இருக்கார், தரேன்."

"வயசு?"

"நாப்பது."

ஹெல்லிவெல் மீசையைத் தடவினார். "எங்க ஊர்க்காரங்க துரையை வேடிக்கை பார்க்கக் காசு கொடுப்பாங்க. கிழவனைப் பார்க்கக் கொடுப்பாங்களா?"

"உங்க ஊர்ல மழை பெய்யுமா?"

"அதைத் தவிர வேற என்ன பெய்யும்?"

"அப்போ அவர் ஈரத் தரையில போடறதைப் பார்த்துட்டுப் போங்க. நானே மட்டை பிடிக்கறேன். அவர் என்னை அவுட் ஆக்கலன்னா நான் உங்களோட வர்றேன்."

அன்று சாயங்காலம் ஆட்டம் முடிந்த பிறகு, மைதானத்தின் ஓரத்துப் பயிற்சித் தரையில் ஸ்டம்ப் நட்டோம். மதியம் மழை பெய்து வெயில் அடித்திருந்தது. பாஸ்கோவைக் குழி வெட்டுகிற இடத்திலிருந்து கூட்டி வந்தார்கள், கால்சட்டையில் சேறு. ஏடாவும் பின்னாலேயே வந்துவிட்டாள். நான் ஸ்டம்புக்குப் பின்னால். பாஸ்கோ பந்தை வாங்கிக்கொண்டு நேராக வெண்டோவரிடம் போனார்.

"வேணும்னே அவுட் ஆனீங்கன்னா சார், அந்த மட்டையைப் பிடுங்கி உங்க தலையிலயே போடுவேன்."

"முடிஞ்சா ஆக்குங்க" என்றார் வெண்டோவர்.

விட்டுக்கொடுக்கவே இல்லை. முதல் பந்தை வேலிக்கு அடித்தார். அடுத்ததையும் அடித்தார். ஏடா கையைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்தாள். பாஸ்கோ முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதே நிதானத்தில் வந்து, கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் உயரத்தில் ஒன்றைத் தூக்கிப் போட்டார். வெண்டோவர் மூன்றடி முன்னால் பாய்ந்தார். பந்து ஈரத்தில் குத்தி, மட்டைக்கு வெளியே திரும்பி என் கையுறைக்கு வந்தது. நான் ஸ்டம்பைத் தட்டியபோது அவர் இன்னும் பந்து போன திசையைத் தேடிக்கொண்டிருந்தார். அது நடிப்பு இல்லை. பின்னால் நின்ற எனக்குத் தெரியும். ஒரு மனிதன் நிஜமாக ஏமாந்தால் கழுத்து எப்படித் திரும்பும் என்று கீப்பர்களுக்குத் தெரியும்.

"இன்னொண்ணு போடுங்க" என்றார் ஹெல்லிவெல். பாஸ்கோ போட்டார். அதுவும் அப்படியே. மூன்றாவதைக் கேட்காமலே ஹெல்லிவெல் ஏடா பக்கம் திரும்பி, "எங்க ஊர்ல வீடும் கொடுப்போம்மா. பின்னால உருளைக்கிழங்கு போட இடம் இருக்கு" என்றார்.

ஏடா இடுப்பில் கட்டியிருந்த அடுக்களைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெண்டோவரிடம் வந்து, "சட்டையைப் பார்த்தா சரியாத் துவைச்ச மாதிரி இல்ல. யாரு துவைக்கறா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் பேசினாள்.

மறுநாள் காலை ரட்டர், தரையில் கிடந்த வெண்டோவரின் பையைத் தூக்கி அதிலிருந்த ஸ்வெட்டரை எடுத்து அந்த ஆணியில் மாட்டினார். "தரையில கிடந்தா எலி கடிக்கும், லயனல். நீ என்ன சின்னக் குழந்தையா, ஒவ்வொண்ணும் சொல்லணுமா?" என்றார். வெண்டோவர் குழாயைத் திறந்து ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

கர்னல் விடவில்லை. கமிட்டி சொன்னபடி, அந்த வருஷம் வந்த புதுக் கேப்டன் வெண்டோவரை ஏழாவதாக இறக்கினார், காற்று அடிக்கிற எல்லைக்கோட்டில் நிறுத்தினார். கிளப் மெம்பர்கள் பயிற்சி செய்ய வந்தால் அவர்களுக்குப் பந்து போடுவதும் சம்பளக்காரர்கள் வேலை. கர்னல் தாமே மட்டையோடு வந்து, "வெண்டோவர், பந்து போடு" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. வெண்டோவர் போட்டார். நடு ஸ்டம்ப் பறந்தது. ஓடிப் போய் அதை நட்டுவிட்டு வந்து மறுபடி போட்டார். மறுபடியும் பறந்தது.

"கொஞ்சம் மெதுவாப் போடேன்" என்றார் கர்னல்.

"முடியாது சார். சம்பளம் வாங்கறேன், பொறுப்பாப் போடணும்."

ரட்டர் கொட்டகைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்த சீசனில் எங்கள் அணியில் அதிக ரன் அவருடையதுதான், ஏழாவதாக இறங்கியும். செப்டம்பரில் கர்னல் அவரைக் கூப்பிட்டு, நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறது, அது வேண்டாமென்றால் அடுத்த வருஷம் இடம் இல்லை என்றார். "அப்போ இடம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். நாங்கள் ரட்டர் தலைமையில் போய்க் கமிட்டியிடம் பேசிப் பார்த்தோம். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம், கேட்டார்கள், அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்துக் கவுண்டிக்கு ஆடவேண்டுமானால் அங்கே இரண்டு வருஷம் குடியிருக்கவேண்டும் என்பது விதி. வெண்டோவர் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம் குடிபோனார். ஆப்பிள் மது காய்ச்சும் ஒரு கம்பெனிக்காக சைக்கிளில் சாராயக் கடை கடையாக ஏறி இறங்கினார். சில கடைகளில் அவரை அடையாளம் கண்டு, பழைய துரை இப்படி ஆகிவிட்டாரே என்று உச்சுக் கொட்டுவார்களாம். "ஆட்டம் பத்திப் பேசணும்னா முதல்ல ரெண்டு பீப்பாய் ஆர்டர் பண்ணுங்க" என்பாராம்.

இரண்டு வருஷம் கழித்து அவர் அந்தக் கவுண்டியின் சம்பளக்காரராக எங்கள் மைதானத்துக்கே ஆட வந்தார். தலைமுடி முன்பக்கம் குறைந்திருந்தது. எங்கள் மெம்பர்கள் சிலர் அவர் மட்டையோடு வரும்போது கை தட்டக்கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள். மலிவு டிக்கெட் பக்கம் யாரும் அப்படிப் பேசி வைக்கவில்லை. அங்கிருந்து எழுந்த சத்தத்தில் அவர் முதல் பந்தைச் சந்திக்கக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"கறி வியாபாரம் எப்படி, வால்ட்?" என்று கேட்டார், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

"உங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு நின்னா பந்தை விட்டுடுவேன். ஆடுங்க."

ரட்டருக்கு அப்போது முழங்கால் போய்விட்டிருந்தது. இருந்தாலும் வெண்டோவருக்கென்று வேகத்தைச் சேர்த்து வைத்திருந்தார் போல. மூக்குக்கு நேராக ஒன்று போட்டார். வெண்டோவர் தலையை நகர்த்திவிட்டு, "கிழவனுக்கு இன்னும் கோபம் போகல" என்றார். அடுத்த பந்தை அடித்தார். சாயங்காலம்வரை அடித்துக்கொண்டே இருந்தார். சதம் வந்தபோது ரட்டர்தான் முதலில் கை தட்டினார். கர்னல் மாடியில் உட்கார்ந்திருந்தார். அவர் கை தட்டினாரா என்று நான் பார்க்கவில்லை; வெண்டோவரும் பார்க்கவில்லை.

மூன்று நாள் ஆட்டத்தின் கடைசி நாள் காலை, அவர்களுடைய அமெச்சூர் கேப்டனுக்கு ரட்டர் பந்தில் விரல் முறிந்தது. கேப்டன் இல்லையென்றால் இன்னொரு அமெச்சூர்தான் அணியை நடத்தவேண்டும், அது எழுதாத சட்டம். அவர்கள் அணியில் மிச்சம் இருந்த துரை ஒரு பாதிரியார், மிஸ்டர் லாங்ரிஷ். எங்கள் கர்னல் மரியாதைக்கு இறங்கி வந்து, "அப்போ நீங்கதான் ஃபாதர்" என்றார்.

"எனக்கு ஞாயித்துக்கிழமை நடத்தத்தான் தெரியும்" என்றார் பாதிரியார். "இன்னைக்கு வியாழக்கிழமை. வெண்டோவர் நடத்தட்டும்."

"சம்பளக்காரனா? அது வழக்கமில்லையே."

வெண்டோவர் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். "உங்க கிளப்புல வழக்கமில்ல சார். நான் இப்போ உங்க கிளப் இல்ல" என்றார். குரலை உயர்த்தவில்லை. பத்துப் பேரையும் கூப்பிட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினார்.

நாங்கள் ஜெயிக்கக் கொஞ்சம் ரன்தான் வேண்டியிருந்தது. தேநீர் இடைவேளைக்கு முன்பே எங்களைச் சுருட்டிவிட்டார். எனக்கு மட்டும் லெக் சைடு எல்லைக்கோட்டில் இரண்டு ஆட்களை நிறுத்தினார். நான் அந்தப் பக்கம் தூக்கி அடிக்கிறவன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தேன், பிடித்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே அவர்கள் அணி அடுத்த ஊருக்கு ரயில் ஏறியது. கேப்டனின் விரல் குணமாக ஆகஸ்டு முடியும்வரை ஆயிற்று. அதுவரை எல்லா ஆட்டத்தையும் நடத்தியவர் வெண்டோவர்தான்.